பரிசோதனைக் கிட் செய்கிறவர்களுக்கு, பரிசோதனை மேசையிலிருந்து ஒரு மடல்

பெங்களூரில் எச்.ஐ.வி.க்கும் புதிதாகத் தலைகாட்டும் தொற்றுகளுக்கும் உடனடிப் பரிசோதனைகளை உருவாக்கிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்களுக்கும், பொறியாளர்களுக்கும், புது நிறுவனம் தொடங்கியவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த நகரத்தில் இருபத்தோரு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் கழிந்தது. அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஸ்ரீராமபுரம். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் தமிழ் படிக்கிறவர்கள் நிறையப் பேர். போன வருடம் ஒரு கருத்தரங்கில் உங்களில் சிலரைச் சந்தித்தேன். மேடையில் ஆங்கிலம் பேசிவிட்டு, காபி வாங்கும் இடத்தில் நான் தமிழ் என்று தெரிந்ததும் “அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்ட பிள்ளைகள். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இந்த மடல்.

அங்கே திரையில் ஒரு வரி வந்தது: ‘15 நிமிடத்தில் முடிவு’. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள் என்று. ரத்தத் துளி பரிசோதனைப் பட்டையில் விழுந்ததிலிருந்து கோடு தெரியும்வரை எண்ணுகிறீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கடிகாரம் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த காலையிலிருந்து ஓடுகிறது. கையில் மருந்து வாங்கும் நாள்வரை ஓடும். அந்த முழு நேரத்தையும் கணக்கில் வைத்துக் கருவி செய்யுங்கள், அதற்கு வரைபடம் போடும் முன்பே எங்கள் மேசைக்கு வந்து உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

முதலில் விரலைப் பற்றிச் சொல்கிறேன். இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு பக்கம், ஓசூர் ரோடு பக்கம் கட்டடம் எழும்பும் இடங்களில் தகர ஷெட்டுகளில் தங்கியிருப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிக்காரர்கள். அங்கே முகாம் போடுவோம். ஒருமுறை கொத்தனார் ஒருவர் கை நீட்டினார். ஐம்பது வயது இருக்கும். விரல் நுனி முழுக்கச் சிமெண்ட் தின்ற தோல், காய்ப்புக் காய்ச்சி, வெடிப்பு விட்டு, தொட்டால் தேங்காய் ஓடு மாதிரி இருந்தது. ஸ்பிரிட் தடவி, காயவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்தினேன். ரத்தம் வரவில்லை. இன்னொரு விரல். ஒரு பொட்டு வந்தது, கடுகளவு. அது உறிஞ்சுகுழாயின் கோடுவரை ஏறவில்லை. விரலைப் பிழிந்தால் ரத்தம் வரும். ஆனால் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துப்போகும், முடிவு கெடலாம். பிழியக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குத்துங்கக்கா, பரவால்ல, கை மரத்துப்போனதுதான்” என்றார். மூன்றாவது விரலில்தான் சரியான துளி கிடைத்தது. அவருக்குப் பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் மெதுவாக நகர்ந்து போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

உங்கள் கிட்டோடு வரும் ஊசியைத் தேர்ந்தெடுத்தவர் எந்த விரலை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்? ஆய்வகத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் விரலை வைத்துப் பார்த்திருந்தால், அந்த ஊசி என் கொத்தனாருக்கு உதவாது. எத்தனை மைக்ரோலிட்டர் ரத்தம் தேவை என்று தீர்மானிக்கும்போது அந்தக் காய்த்த விரலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பாதித் துளியில் வேலை செய்யும் கிட் எங்களுக்கு ஐந்து நிமிட வேகத்தைவிடப் பெரிய உதவி.

அப்புறம் அந்த பஃபர் புட்டி, ரத்தத்தோடு சேர்த்துப் பட்டையில் விடும் கரைசல். ஒரு பெட்டியில் பட்டைகள் பல இருக்கும், பஃபர் ஒரே புட்டி. நேராகப் பிடித்தால் ஒரு அளவில் துளி விழும், சாய்த்துப் பிடித்தால் வேறு அளவில் விழும். முகாமில் காற்றடிக்கும், மேசை ஆடும். நான்கு துளி என்று எழுதியிருக்கும்; ஒன்று தவறிப் பக்கத்தில் விழுந்தால் இன்னொன்று விடவேண்டும். கடைசியில் பெட்டியில் மூன்று பட்டை மிஞ்சும், பஃபர் தீர்ந்திருக்கும். வேறு கம்பெனியின் பஃபரை ஊற்றிச் செய்யக்கூடாது. ஆக அந்த மூன்று பட்டையும் வீண். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனிச் சிமிழில் பஃபர் வைத்தால் விலை கொஞ்சம் ஏறும் என்பது தெரியும். வீணாகும் பட்டையின் விலையையும், “இன்னைக்கு தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பப்படும் ஆளின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

மங்கலான கோடு பற்றி உங்களிடம் நீண்ட நேரம் பேச ஆசை. பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கண்ட்ரோல் கோடு பளிச்சென்று சிவந்திருக்கும். அதற்குப் பக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஒரு ரோஜா நிற நிழல். கையேட்டில் ‘எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான்’ என்று போட்டிருக்கும். சரி, நல்ல வெளிச்சம் இருக்கும் அறையில் அது எளிது. இரவு முகாமில், வேனுக்குள், மஞ்சள் பல்பின் கீழே, நாற்பத்தைந்து வயதுக் கண்ணோடு பாருங்கள். கைப்பேசி டார்ச்சை அடித்து, இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்துப் பார்ப்போம். நாங்கள் அப்படிப் பார்ப்பதை எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் புருவம் சுருங்குவதிலேயே அவருக்கு உயிர் போய் உயிர் வரும். படிக்கவேண்டிய நேரம் தாண்டிப் பார்த்தால் காய்ந்த பட்டையில் பொய்க்கோடு தோன்றலாம். அதனால் நேரமும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரே சமயத்தில் ஆறு பட்டைகள் ஆறு நேரங்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுவரில் மாட்டிய ஒரு கடிகாரம் போதாது. கோட்டைப் படிக்கச் சின்னக் கருவி ஒன்றை உங்களில் சிலர் செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மனதாரச் சொல்கிறேன், அதை விடாமல் செய்யுங்கள்.

இன்னொன்று. சில கிட்டுகளில் பிளாஸ்டிக் அட்டையின் நெற்றியிலேயே ‘எச்.ஐ.வி.’ என்று அச்சடித்திருக்கிறார்கள். மேசையில் வரிசையாக வைத்திருப்போம், பக்கத்தில் பேரெழுதிய ஒட்டு இருக்கும். டீ கொண்டுவரும் பையனுக்குக்கூட ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்து படிக்கத் தெரியும். 2017-ல் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே விடவும் கூடாது என்கிறது. சட்டத்தை நாங்கள் காப்பாற்றுகிறோம், அட்டை காட்டிக்கொடுக்கிறது. ஒரு எண்ணோ குறியோ போட்டால் போதுமே. இதை மாற்ற ஒரு பைசா செலவாகாது.

இப்போது கொஞ்சம் கணக்கு. எங்களிடம் பயிற்சிக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது. நம் நாட்டில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 சதவீதம். பத்தாயிரம் பேரைப் பரிசோதித்தால் இருபது பேர். உங்கள் கிட் அந்த இருபது பேரில் ஒருவரையும் விடாது என்று வைத்துக்கொள்வோம். தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.5 சதவீதம் சரி என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல கிட்தான். ஆனால் மீதி 9,980 பேரில் அரை சதவீதம் என்றால் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேருக்கும் பொய்க்கோடு. ஆக மொத்தம் எழுபது கோடுகளில் ஐம்பது பொய். அதனால்தான் முதல் கோட்டைப் பார்த்து நாங்கள் ஒருபோதும் ‘பாசிட்டிவ்’ என்று சொல்வதில்லை. வேறு வேறு கிட்டில் இரண்டாவது, மூன்றாவது பரிசோதனை செய்து, மூன்றும் ஒரே பதில் சொன்னால்தான் முடிவு எழுதுகிறோம்.

இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்று கிட்டும் உள்ளே ஒரே மாதிரியான ஆன்டிஜெனை, அதாவது வைரஸின் புரதத் துண்டை, வைத்திருந்தால், மூன்றும் ஒரே இடத்தில் ஏமாறும். மூன்று பேரைச் சாட்சி கேட்டு, மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் என்ன பயன்? புதிதாக வருகிற எல்லோரும் முதல் பரிசோதனைக்கான கிட்டையே செய்கிறார்கள், சந்தை பெரியது என்பதால். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் நிற்கக்கூடிய, வேறு கொள்கையில் இயங்கும், எச்.ஐ.வி. 1, 2 என்ற இரண்டு வகையையும் பிரித்துக் காட்டும் கிட்டை நம் ஊரில் நன்றாகச் செய்தால் அது பெரிய காரியம்.

தொற்றிய முதல் வாரங்களில், உடல் வைரஸை எதிர்க்க உண்டாக்கும், பட்டை தேடும் ஆன்டிபாடி உருவாகியிருக்காது. கிட் ‘இல்லை’ என்று சொல்லும், ஆனால் அந்த நாட்களில்தான் உடலில் வைரஸ் பெருகிக்கிடக்கும். ‘மூன்று மாதம் கழித்து மறுபடி வாங்க’ என்று சொல்லி அனுப்புகிறோம். திரும்பி வருபவர்கள் குறைவு. ஆன்டிஜெனையும் சேர்த்துப் பிடிக்கும் விரல்குத்துப் பட்டைகள் வந்தன. ஆனால் அந்த ஆன்டிஜென் கோடு களத்தில் எதிர்பார்த்த அளவு பிடிக்கவில்லை என்று பல நாடுகளின் அனுபவம் சொல்கிறது. இந்த ஓட்டையை அடைக்க உங்களைத் தவிர யாரால் முடியும்?

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது, இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை அது.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால், அவளுடைய ஆன்டிபாடிகள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயதுவரைகூட இருக்கும். அதனால் உங்கள் பட்டை குழந்தைக்கு உதவாது; வைரஸையே தேடவேண்டும். ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, தடித்த காகித அட்டையில் அச்சடித்த ஐந்து வட்டங்களில் ரத்தம் வைப்போம். வெயில் படாமல் பல மணி நேரம் காயவேண்டும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு, தொலைவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அந்தத் தாய் வீட்டு வேலை செய்பவள், ஊர் திருவண்ணாமலை பக்கம். குதிகாலில் குத்தியபோது குழந்தை அழுதது. அவள் மாராப்புக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டு, “முடிஞ்சுதுடா தங்கம், முடிஞ்சுது” என்றாள். ஐந்து வட்டமும் நிறையும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட்டை அனுப்பி ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. வைரஸ் இருக்கிறது. எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று நான் யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறப்போவதில்லை. கூரியர், வரிசை, விடுமுறை, பழுதான இயந்திரம் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கியிருக்கிறது. அவள் கொடுத்திருந்தது தெருமுனைக் கடைக்காரரின் எண். அவர்கள் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் அவர். எங்கள் மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சலர் இரண்டு பஸ் மாறித் தேடிப்போனார். குழந்தை நிமோனியாவில் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

சிகிச்சை இல்லாவிட்டால், எச்.ஐ.வி.யோடு பிறக்கும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. பாதிக் குழந்தைகள் இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கினால் குழந்தைகளின் இறப்பு 76 சதவீதம் குறைந்தது என்று தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு 2008-லேயே காட்டிவிட்டது. குழந்தையின் சில துளி ரத்தத்தை எடுத்து 52 நிமிடத்தில் அங்கேயே முடிவு சொல்லும் கருவி ஒன்றுக்கு 2016-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தது. அதாவது, அந்தத் தாய் மாராப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வருவதற்குள் முடிவு. அன்றைக்கே மருந்து. கடைக்காரரின் எண் தேவையே இருந்திருக்காது.

இப்படிப்பட்ட கருவியை இங்கே, இந்த ஊர் விலையில் செய்யமுடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியும் என்றே நம்புகிறேன், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறீர்கள். பெங்களூரில் பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, இன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை போயிருக்கும் ட்ரூநாட், பேட்டரியில் ஓடும் பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் கருவி. சூட்கேஸ் அளவு. 2020-ல் காசநோய்க்கு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்தது. பிசிஆர் என்றால் குளிரூட்டிய தனி அறை, மூன்று தடுப்பு, முகமூடி போட்ட முனைவர் என்று படித்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெட்டியை முதன்முதலாக ஒரு சாதாரண மேசைமேல் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இயந்திரம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் நல்ல இயந்திரம் ஒன்று வந்தது. திறப்பு விழா, ரிப்பன், படம் எல்லாம் நடந்தது. ஒரு வருடத்தில் பழுது. ஆள் வருவார் என்றார்கள். துணி உறை போட்டு மூடிவைத்தோம். எட்டு மாதம் அந்த உறையின் மேல் பதிவேடுகளை அடுக்கிவைத்திருந்தோம். பழுதுபார்க்க ஆள், தட்டுப்பாடில்லாமல் ஒவ்வொரு பரிசோதனைக்கும் போடும் கார்ட்ரிட்ஜ், மாற்று இயந்திரம் இந்த மூன்றும் இல்லாமல் இயந்திரம் மட்டும் வருவது எங்களுக்கு உதவியே அல்ல. பட்டை என்றால் பழுதாகாது. அதனால்தான் எங்களில் பலர் இன்னும் பட்டையையே நம்புகிறோம்.

புதிய தொற்றுகள் பக்கம் வருகிறேன். கர்நாடகத்தில் இருந்துகொண்டு குரங்குக் காய்ச்சலைச் சொல்லாமல் விடமுடியாது. 1957-ல் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறிந்த நோய். உண்ணி கடித்துப் பரவும். டிசம்பர் தொடங்கி மே வரைதான் அதிகம், அதாவது காட்டோரத்தில் சுள்ளி பொறுக்குகிற, காப்பிப் பழம் பறிக்கிற காலம். சிக்கமகளூர் எஸ்டேட்டுகளில் தமிழ்த் தொழிலாளிகள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். தொடக்கத்தில் வெறும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. டெங்கு கார்டு போட்டுப் பார்ப்பார்கள், இல்லை என்று வரும், பாரசிட்டமால் கொடுத்து அனுப்புவார்கள். நோயாளி லைன் வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

முன்பெல்லாம் ரத்த மாதிரி புனேவுக்குப் போய்வர வேண்டும். பிறகு சிவமொக்காவிலேயே ஆய்வகம் வந்தது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் இப்போது ட்ரூநாட் பெட்டியிலேயே இந்தக் காய்ச்சலுக்கும் பரிசோதனையை உருவாக்கிச் சரிபார்த்திருக்கிறது. மிக நல்ல வேலை. இருந்தாலும் என் ஆசை இன்னும் ஒரு படி. எஸ்டேட் மருந்தகத்தில் இருக்கும் நர்ஸ் கையில் ஒரு பட்டை: டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்), குரங்குக் காய்ச்சல், நான்கையும் ஒரே துளியில் பிரித்துச் சொல்வதாக. ‘இது டெங்கு இல்லை’ என்று சொல்லும் கார்டு பாதி வேலைதான் செய்கிறது, ‘அப்படியானால் என்ன?’ என்றுதான் நோயாளியும் கேட்பார், நர்ஸும் கேட்பார்.

கோழிக்கோட்டில் 2018 மே மாதம் நிபா வந்தபோது, பேராம்பிரா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி இறந்தார். தான் தொட்டுக்கொண்டிருப்பது என்ன நோய் என்று அவருக்கு அப்போது தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்கு உடனடிப் பரிசோதனை என்பது நோயாளிக்கு மட்டும் ஆனதல்ல. எந்தக் கையுறை, எந்த முகக்கவசம் என்று முடிவெடுக்க எங்களுக்கும் அது வேண்டும்.

அவசரத்தில் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் கோவிட் ஆன்டிபாடி கிட்டுகள் வெளிநாட்டிலிருந்து லட்சக்கணக்கில் வந்தன. சில நாட்களிலேயே முடிவுகள் தாறுமாறாக வருகின்றன என்று மாநிலங்கள் முறையிட, பயன்படுத்தவேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லிவிட்டது. அந்த நாட்களில் மக்கள் எங்களிடம், “மேடம், இந்தக் கிட்டாவது சரியா சொல்லுமா?” என்று எச்.ஐ.வி. பட்டையைக் காட்டிக் கேட்டார்கள். ஒரு மோசமான கிட் எல்லாக் கிட்டின் பேரையும் கெடுத்துவிடும். நம்பிக்கையை நாங்கள் ஒவ்வொரு ஆளாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே வாரத்தில் கொட்டிவிட்டது.

வீட்டிலேயே தானாகச் செய்துகொள்ளும் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றி என் கருத்து மாறியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தபோது நான் எதிர்த்தேன். தனியறையில் கோட்டைப் பார்க்கும் ஒருவரின் தோளில் கைவைக்க யார் இருப்பார்கள் என்று கேட்டேன். பிறகு ஒரு பையன் வந்தான். ஐடி கம்பெனி, சேலம் பக்கம். எங்கள் கேட் வரை ஏழு முறை வந்து திரும்பிப் போனதாகச் சொன்னான். ஏழு முறைக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. உள்ளே வந்தபோது எடை இழந்து, வாயெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. அவன் அறையிலேயே செய்துபார்க்க ஒன்று இருந்திருந்தால், அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். இப்போது ஆதரிக்கிறேன். ஆனால் உங்கள் பெட்டிக்குள் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் தெளிவான வழிமுறை வேண்டும், படத்தோடு. ‘கோடு வந்தால் இது முடிவல்ல, மையத்துக்கு வாருங்கள்’ என்ற வரியும் 1097 உதவி எண்ணும் மூடியின் உள்பக்கம், திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் வேண்டும். காகிதம் மடித்துவைத்தால் யாரும் பிரிப்பதில்லை.

இந்த நாட்டில் எச்.ஐ.வி. எப்படிக் கண்டறியப்பட்டது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1985-86-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதால் பல பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். பாதுகாக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லை. கணவரோடு ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின, அதாவது தொற்று இருந்தது. காய்கறிக்கும் பாலுக்கும் பக்கத்தில் ரத்தக் குப்பிகளை வைத்துக் காத்திருந்த அந்த இளம் தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பரிசோதனை இருக்கும் இடத்துக்கு ரத்தம் பயணம் போனது. கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து இப்போதும் குழந்தையின் அட்டை கூரியரில் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் குழுவில் இருந்து இரண்டு பேரை ஒரு வாரம் எங்களைப் போன்ற ஒரு மையத்துக்கு அனுப்புங்கள். அனுமதிக் கடிதம் வாங்குவது கடினமில்லை, நாங்களே உதவுவோம். நோயாளிகளின் பெயரோ முகமோ உங்களுக்குத் தேவைப்படாது. மேசைக்கு இந்தப் பக்கம், என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் மாதிரிக் கருவியைக் கொண்டுவாருங்கள், உள்ளே தண்ணீர் விட்டாவது செய்துபார்ப்போம். கையுறை போட்ட கையால் உறை கிழிகிறதா, எழுத்து தெரிகிறதா, மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். விலை, உணர்திறன், காப்புரிமை பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். விரலைப் பற்றி நாங்கள் சொல்லித்தருகிறோம்.

காலை எட்டரைக்கே வந்துவிடுங்கள். வேலைக்குப் போகும் முன் பரிசோதித்துக்கொள்ள வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள். ஒன்பதரை ஆனால் மேஸ்திரி கணக்கு எழுதிவிடுவார், அப்புறம் அவர்கள் உட்காரமாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு லேப் டெக்னீஷியன்
பெங்களூரு